விளக்கு வைத்த கண்ணாடி

“இதத் திருப்பி அனுப்பிடுங்க. வாங்கியிருக்கவே கூடாது.”

“போன்ல பாத்ததும் யோசிக்காம ஓடர் போட்டது நீதானே?” மனைவி சுகிர்தம் நீட்டிய கண்ணாடியை வாங்கிய லோரன்ஸ், அதன் விளிம்பிலிருந்த விளக்கைப் போட்டான். “நல்லாத்தானே எரியுது. முகம் தெளிவாத் தெரியலையா?”

“தெரியுது.”

“பெறகென்ன? பவுடர் பூசிக்கிட்டுத் தேயிலக் கொழுந்தெடுக்கப் போ. கங்காணி தடுமாறட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. அவனுக்குக் குழப்பமாக இருந்தது. எப்போதும் வெற்றிலை அதக்கியிருக்கும் வாய் இன்று வெறுமையாக இருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

சுகிர்தம் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். விளக்கொளியில், உட்பக்கம் வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தது.

“இந்த ஒத்தக் காம்பரா வீட்டு இருட்டுல இத்தன நாளாக் கண்ணுல படல. கீழ் லயத்து வீட்டு நாகலெட்சுமி அக்காவுக்கும் இப்படித்தான் வெள்ளையா வந்திச்சு. அப்பறம் கேன்சர்னு சொன்னாங்க. நல்லாப் பாருங்க. இது அதில்லேன்னு சொல்லுங்க.”