ஒத்தைக்கல்லின் உச்சி

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே காட்டுக்குள் நிற்கிறது ஒத்தைக்கல் மலை. அளக்க வந்த வெள்ளைக்காரர்கள்கூடப் பாதியில் திரும்பிவிட்டார்களாம். அதன் உச்சியை முதலில் மிதித்தவன் பச்சியப்பன்தான். 1979இல் கூட்டாளி சவுரியப்பனைக் கீழ்த்திட்டில் நிறுத்திவிட்டுக் கடைசிப் பாறையில் ஏறினான். உச்சியில் நின்று துண்டை ஆட்டினான். அப்போது மேகம் மூடியது. சவுரியப்பன் பயந்துபோய்த் தனியாக இறங்கி வந்துவிட்டார். மறுநாள் ஊரே போய்த் தேடியும் பச்சியப்பன் கிடைக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, பெங்களூரிலிருந்து மலையேற வந்த இரண்டு பேருக்கு வழிகாட்டச் சவுரியப்பன் போனார். இந்தமுறை உச்சிவரை ஏறினார். அங்கே வெறும் பாறையும் காற்றும்தான் இருந்தன.

திரும்பும்போது இருவரையும் முதலில் திட்டில் இறக்கிவிட்டார். பிறகு கயிற்றைப் பாறையில் கட்டி, மறுமுனையை இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினார். பாதியில் கால் வழுக்கியது. கயிறு இறுகிப் பிடித்தது. பிறகு, மேலே ஆள் நின்று கயிற்றை விடுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து, அவரைப் பத்திரமாகத் திட்டில் இறக்கியது.

அவர் முடிச்சை அவிழ்த்ததும் கயிறு மேலே ஏறத் தொடங்கியது.

"அண்ணா, மேல யாரு இருக்காங்க?" என்றான் ஒருவன்.

சவுரியப்பன், பச்சியப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். ‘ஏன்டா என்னை வுட்டுட்டுப் போன?’ என்று அவன் கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

"யாரும் இல்லீங்க" என்றார்.

கயிறு நின்றது. அந்தக் காற்றிலும் ஆடாமல் சற்றுநேரம் தொங்கியது. பிறகு மெதுவாக மேலே போய் மறைந்தது.