டப்பாவின் வசனம்

“அந்த ரோபோவைத் தூக்குங்க. சீரியல் தானா எழுந்து நிக்கும்.”

சேனலுக்கு வந்த புது மேலாளர், நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். எதிரே நின்ற எழுத்தாளர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

விண்கலத்தில் குடித்தனம் நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை அது. வருஷக்கணக்காக ஓடும் காமெடி சீரியல். ஒரு காலத்தில் ஊரே போட்டது போட்டபடி டிவி முன்னால் உட்காரும். இப்போது பார்ப்பவர்களைவிடத் திட்டுபவர்கள்தான் அதிகம். மேலாளரும் பள்ளிக்கூட நாளிலிருந்து அதைப் பார்த்தவள்தான். அந்த உரிமையில் அவளுக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல்.

“முன்னெல்லாம் கமாண்டர் மூச்சு விடாம பேசுவார். வில்லன் வாயடைச்சு நிப்பான். இப்போ? அவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள ரோபோ முந்திக்குது. ‘கமாண்டர் இப்போது எஞ்சினை நிறுத்தச் சொல்வார்’னு அது சொல்லுது. உடனே அவர் ‘எஞ்சினை நிறுத்து’ங்கிறார். நீங்க சிரிப்புச் சத்தம் போடுறீங்க. ஒரு தடவைன்னா சரி. ஒவ்வொரு காட்சியிலுமா அரைச்ச மாவையே அரைப்பீங்க?”

“ஜனங்க பழகிட்டாங்க மேடம்.”

“பழகலை, சலிச்சுட்டாங்க. கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதைங்கிறாங்க. உங்களுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சுன்னு எழுதுறாங்களே, படிக்கிறதில்லையா?”

“படிக்கிறேன். தீர்ந்துதான் போச்சு போல.”

எதிர்த்துப் பேசுகிற ஆளிடம் சண்டை போடலாம். கேட்டதும் ஒப்புக்கொள்கிற ஆளை என்ன செய்வது? தன் எழுத்தைப் பற்றி ரோஷமே இல்லாத மனுஷன் எழுதி எப்படி உருப்படும் என்று மேலாளருக்கு எரிச்சலாக வந்தது.

“இன்னிக்குக் காட்சியைக் கொடுங்க.” வாங்கி, ரோபோவின் வரிகளை எல்லாம் அவளே அடித்தாள். “இப்படியே எடுங்க. நான் கூட நிக்கிறேன்.”

“வேற எதை வேணும்னாலும் மாத்துறேன் மேடம். டப்பாவை மட்டும்...” உள்ளே ஆள் நின்று நடிக்கும் அந்த ரோபோவுக்கு யூனிட்டில் டப்பா என்றுதான் பெயர்.

“டப்பாவைத்தான்!”

செட்டுக்குப் போனார்கள். டிவியில் பளபளக்கிற விண்கலம் கிட்டே போனால் வெறும் பிளைவுட். ஆனால் கமாண்டராக நடிக்கும் பெரியவர் டிவியில் இருப்பது போலவே கம்பீரமாக நின்றார். அந்த உடுப்பில் அவரைப் பார்த்ததும், அதிகாரமெல்லாம் எங்கேயோ போய், மேலாளருக்குப் பள்ளிக்கூடப் பெண்ணின் சந்தோஷம் வந்துவிட்டது. இப்பேர்ப்பட்ட நடிகரையா இந்த எழுத்தாளர் இப்படிப் பாழாக்கி வைத்திருக்கிறார்?

“ஆக்‌ஷன்!”

பைலட்டாக நடிக்கும் பெண் ஓடிவந்தாள். “கமாண்டர்! விண்கல் ஒண்ணு நம்மை நோக்கி வருது! என்ன பண்றது?”

கமாண்டர் வலது கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது.

மேலாளர் சொக்கிப்போனாள். வசனத்துக்கு முன்னால் இப்படி ஒரு நிறுத்தம் வேறு யாருக்கு வரும்!

நிறுத்தம் நீண்டது. கமாண்டர் பைலட்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தூக்கிய தன் கையையே பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சந்தைக் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்ட குழந்தை மாதிரி விழித்தார்.

யாரும் ‘கட்’ சொல்லவில்லை. டைரக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைட்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலையில் சும்மா நிற்கச் சொல்லியிருந்த ரோபோ கடகடவென்று முன்னால் வந்தது. “கமாண்டர் இப்போது கலத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்வார்!”

“கலத்தை இடப்பக்கம் திருப்பு!” முழங்கினார் கமாண்டர். அதே பழைய குரல், அதே மிடுக்கு.

“கட்! பிரமாதம் சார்!” செட்டே கைதட்டியது.

மேலாளருக்குக் கை எழவில்லை.

“எப்போலேருந்து?” என்று எழுத்தாளரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“டப்பா வந்ததிலேருந்துதான் மேடம். காதுல கருவி வெச்சு வசனம் எடுத்துக்கொடுக்கப் பார்த்தோம். ‘எனக்கேவா?’ன்னு கழட்டி வீசிட்டார். தனக்கு மறக்குதுங்கிறதே அவருக்குத் தெரியாது. வீட்டுலயும் யாரும் இல்லை. இந்த உடுப்பைப் போட்டாத்தான் மனுஷன் மனுஷனா இருக்கார்.”

“மேலிடத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, பாவப்பட்டு மாலை போட்டு அனுப்பிவைப்பாங்க. அதுக்குப் பதிலா, சரக்கு தீர்ந்துபோச்சுன்னு என்னையே திட்டிட்டுப் போகட்டும்.”

அதற்குள் கமாண்டரே விறுவிறுவென்று அவர்களிடம் வந்தார்.

“புது மேலாளர் நீங்கதானேம்மா? நல்லதாப் போச்சு. முதல்ல அந்த டப்பாவைத் தூக்குங்க. நான் பேச வேண்டியதையெல்லாம் அது முந்திக்கிட்டுப் பேசுது. சீரியல் தரம் இறங்கிப்போச்சுன்னு ஊரே சிரிக்குதே, அதுதான் காரணம்!”

எழுத்தாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

மேலாளர் நிமிர்ந்தாள்.

“முடியாது சார். ரோபோ இருந்தே ஆகணும். அதுக்கு இன்னும் வசனம் கூட்டச் சொல்லியிருக்கேன். இது என் உத்தரவு.”

கமாண்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எழுத்தாளரின் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டே, அவள் காதில் நன்றாக விழும்படி சொன்னார்.

“இத்தனை நாளா உன்னைத்தான்யா தப்பா நினைச்சுட்டேன். நீ என்ன பண்ணுவே, பாவம்! இந்தம்மா மாதிரி ரசனை கெட்டவங்க மேல உட்கார்ந்தா, சீரியல் எப்படி உருப்படும்?”