பழம் அழுகுற ஆட்டம்

"தாயத்துல பழம் அழுகுமாடா?"

சுதாகரன் கேட்ட கேள்வியில எனக்குக் குடிச்ச பிளேன்டீ மூக்குல ஏறிருச்சு.

ருவான்வெல்லை டவுன்ல கபூர் நானாவோட நெட் கடை. அடுத்த கதவு என்னோட பஞ்சர் கடை. டயர் வராத நேரம் நான் இங்கதான். கம்ப்யூட்டர் தெரியாது, வாய் மட்டும் தெரியும்.

சுதாகரன் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சவன். வேற வேற நாட்டு ஆளுங்க நெட்ல ஒரே பலகையில ஆடுற சைட்டு ஒன்னு இருக்காம். எந்த ஆட்டத்துக்கு என்ன சட்டம்னு எழுதி வைக்க அதுல ஒரு பக்கம், விக்கின்னு பேரு. யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாம். நம்ம தோட்டத்துத் தாயத்த அதுல ஏத்துனது இவன்தான். அன்னையில இருந்து தாயத்தக் கண்டுபுடிச்சதே இவங்க அப்பன்ங்கிற மாதிரி ஒரு நடை.

"யாருடா எழுதுனா?"

"வேற யாரு, உதயராஜ் அண்ணன்! கேளு. 'புரூட் லாங் டைம் சிட், ரொட்டன். அகெய்ன் ஸ்டார்ட்.'"

உச்சிக்கு ஏறுன காயத்தான் பழம்னு சொல்லுவோம். ரொம்ப நேரம் வச்சா அது அழுகிருமாம். திரும்ப முதல்ல இருந்து வரணுமாம்.

"இன்னொன்னு கேளு. 'ரெய்ன் கம், ஆல் கோ ஹோம்.'"

"நியாயந்தானேடா. மழை பேஞ்சா நமக்கு ரப்பர் வெட்டு இல்ல. காய்க்கு மட்டும் லீவு வேணாமா?"

"சிரிக்காத மச்சான். ஜெர்மன்காரன் ஒருத்தன் அழுதுகிட்டே எழுதிருக்கான். போன ஞாயிறு ஆரம்பிச்ச ஆட்டம் இன்னும் முடியலயாம். ஜெயிக்கப் போற நேரமெல்லாம் அவன் ஊர்ல மழையாம்."

"பாவம், குடை குடுத்து விடு."

"நான் அழிக்க அழிக்க இவரு எழுதுறாரு. இனியும் இப்படிக் கூத்தடிச்சா பக்கத்தையே தூக்கிருவோம்னு சைட்டுக்காரன் சொல்லிட்டான். அப்புறம் உலகத்துல நம்ம தாயமே இல்ல!"

சொல்லிக்கிட்டே அண்ணன் எழுதுன எல்லாச் சட்டத்தையும் டக்கு டக்குன்னு அழிச்சான்.

உதயராஜ் அண்ணனப் பத்தி டவுனே பேசும். பொண்டாட்டி ராகினி குவைத்துல ஒரு வீட்ல பாத்திரம் தேய்க்குது. இவரு வெள்ளிக்கிழமை ஆனா பால் வாளிய வச்சதும் வைக்காததுமா இங்க ஓடி வந்துருவாரு. ரப்பர் பால் நாத்தத்துக்கு பக்கத்து சீட்டு எப்பவும் காலி.

இன்னைக்கும் வந்தாரு. எங்களப் பாக்கவே இல்ல. உக்காந்தாரு, ஆட ஆரம்பிச்சிட்டாரு.

சுதாகரன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தான். முடியல.

"அண்ணே, உங்களுக்கு என்ன பிஸ்ஸுவா, பைத்தியமா? அங்க அக்கா கெடந்து சாகுது, இங்க நீங்க தாயம் உருட்டுறீங்க. அதுலயும் கள்ள ஆட்டம்!"

"இரு தம்பி, இரு."

நான் எட்டிப் பாத்தேன். அவரோட எல்லாக் காயும் பழமாயிருச்சு, ஒன்னே ஒன்னுதான் பாக்கி. அதுக்கும் வேண்டிய தாயம் விழுந்து கெடக்கு. ஒரு கட்டம் நகத்துனா ஜெயிப்பு. மனுசன் நகத்த மாட்டேங்கிறாரு.

"தாயம் விழுந்திருச்சு அண்ணே, ஏத்துங்க."

"வெளிய தூறுதில்ல?"

"வெயிலு மண்டையப் பொளக்குது."

"எஹலியகொட பக்கம் கருக்கலா தெரியுதே."

"அங்க இருந்து மழை பஸ் புடிச்சுத்தான் வரணும்."

அவரு சட்டப் பக்கத்தத் தொறந்தாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"தம்பி... மழைச் சட்டம் எங்க?"

"அழிச்சிட்டேன்."

"பழம் அழுகுறது?"

"அதையுந்தான்."

"ஐயோ, அந்தப் பய பாத்துருவானே!"

"எந்தப் பய?"

"ராகினி வேல செய்யிற வீட்டுப் பய. சட்டத்தத் தொறந்து வச்சிக்கிட்டு அவ பக்கத்துலயே உக்காந்திருப்பான். அதுல இருந்தாத்தான் ஒத்துக்குவான்."

சுதாகரன் ஸ்கிரீனப் பாத்தான். "அப்ப எதிர்ல கறுப்புக் காய் ஆடுறது..."

"ராகினிதான்."

கபூர் நானா காத்தாடியக் குறைச்சிட்டு எங்க பக்கம் திரும்புனாரு.

"அவளோட செல்போன அந்த வீட்ல வாங்கி வச்சிட்டாங்க தம்பி. வெள்ளிக்கிழமையில மட்டும் தாய்க்காரி தூங்குறப்ப இந்தப் பய அவள உக்கார வைப்பான். ஒரே ஒரு ஆட்டம். முடிஞ்சா எந்திரிச்சிரணும். அவளுக்கு எழுதப் படிக்க வராது. காய் நகந்துச்சுன்னா அவ நல்லா இருக்கான்னு நான் நெனச்சுக்குவேன்."



சுதாகரன் கீபோர்ட இழுத்தான். "நகருங்க அண்ணே." கட கடன்னு அடிக்க ஆரம்பிச்சான்.

"டேய், சைட்டுக்காரன் பக்கத்தத் தூக்கிருவானே?"

"ஒடஞ்ச இங்கிலீஷ்ல எழுதுனாத்தான் மச்சான் அது கூத்து. நல்ல இங்கிலீஷ்ல எழுதுனா பரம்பரை வழக்கம்."

"அப்படி என்னதான்டா எழுதுற?"

"நம்ம ஊரு தாயத்துல ஜெயிக்கிறதுன்னு ஒன்னு கெடையவே கெடையாதுன்னு."