வலது கையில் ஒரு தூக்கம்

மாலை வெயில் சோபாவில் சாய்ந்து கிடக்கிறது. நாளை மேடையில் கிதாரில் வாசிக்க வேண்டிய அந்த வேகமான பகுதி மட்டும் இரண்டு வாரமாக அவனுக்கு மசியவே இல்லை. வேகம் கூடினால் முழங்கையும் சேர்ந்து ஆடி, விரல்களில் பிடித்து மீட்டும் பிக் கம்பியில் சிக்கிக்கொள்கிறது. இப்போது மடியில் கிதாரோடு சோபாவில் இருக்கும் அவன் வலது கைமேல் மூன்று வயது மகள் சாய்ந்து தூங்குகிறாள். அவள் எச்சில் சட்டையை நனைக்கிறது. முழங்கையை அசைக்க வழியில்லை. மணிக்கட்டு மட்டும் இலேசாக அசைய, பிக்கின் நுனி கம்பியை உரசியும் உரசாமலும் மேலும் கீழும் போகிறது. அந்தப் பகுதியின் சுரங்கள் முழு வேகத்தில், சிக்காமல், மணி மணியாக உதிர்கின்றன. துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்க்கிறாள். "கை மரத்துப் போயிடும். இவளைத் தூக்கி உள்ள படுக்க வைக்கவா?" "ஐயோ, தொடாதே," என்று கிசுகிசுக்கிறான். "நாளைக்கு மேடைக்கும் இவளை இப்படியே தூக்கிட்டு வந்துடு."