ஆறாம் மாடிக்கு முன்

நான்காம் மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றுவிட்டது.

யோகராணி கணவனைப் பார்த்தாள். நித்தியானந்தன் பொத்தான் பலகையில் சாய்ந்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். மற்றக் கையின் கடிகாரத்தில் பத்தாக ஏழு நிமிடம்.

பத்து மணிக்கு ஆறாம் மாடியில் கனடாக்காரர்களின் குடிவரவு நேர்முகம். பிந்தினால் அவ்வளவுதான் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

"ஆரும் வருவினம்," என்றான் அவன். "அதுக்குள்ள ஒருக்காச் சொல்லிப் பாரும். கனடா எப்பிடிப்பட்ட நாடு?"

"உலகத்தில ரெண்டாவது பெரிசு. பத்து மாகாணம். எழுபத்திரண்டாம் ஆண்டுக் கணக்கில சனம் ரெண்டு கோடியே இருபது லட்சம். ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுவினம், வந்தவையை அன்பா வரவேற்பினம். போதுமே வாத்தியார்?"

அவன் சிரிக்கவில்லை.

மூன்று வாரமாகக் குசினி மேசையில் கிடந்த நீலக் கனடாப் புத்தகத்தின் வரிகள் அவை. சோதனைக்குப் படிப்பதுபோல் வரி வரியாகப் பாடமாக்கிவிட்டாள். படித்து முடித்ததும் கவிழ்த்து வைத்துவிடுவாள். அட்டையில் ஓர் அப்பா, ஓர் அம்மா, பனியில் உருளும் குழந்தை.

பிஞ்சுகளை எரிப்பதில்லை. பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போன மகனை இந்த ஊரின் ஸ்பிரிங்வேல் மயானத்தில் மண்ணுக்குக் கொடுத்து ஐந்து மாதம். ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய், சேலைத் தலைப்பால் அந்தச் சின்னக் கல்லைத் துடைத்துவிட்டு வருவாள்.

'இடம் மாறினால் யோகராணி தேறுவாள்' என்று டொரன்டோவிலிருந்து அவன் தமையன் எழுதினார். போவமா என்று அவன் கேட்டான். பாவம், அவனால்தான் இங்கே இருக்க முடியவில்லை என்று நினைத்து அவள் "ஓம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்குள் அன்றைக்கே அகப்பட்டவள்தான். இந்த இரும்புப் பெட்டி இன்றைக்குத்தான் வந்தது.

"குளிர்காலம் எத்தனை மாதம்?" அவன் குரல் இறங்கியிருந்தது.

"சில இடங்களில ஆறு மாதம். இஞ்சாருங்கோ, நாங்கள் போயிட்டால் ஞாயிற்றுக்கிழமையில அவனிட்ட ஆர் போவினம்?"

மூன்று வாரத்தில் முதன்முறையாகக் கேட்டுவிட்டாள்.

அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முள் பத்தைத் தாண்டியது. பத்து ஐந்து. பத்து பத்து.

மேலே யாரோ கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். உதவி மணியை அடிக்கலாமென்று அவள் அவனுடைய தோளைப் பிடித்து விலக்கினாள்.

முதுகுக்குப் பின்னால் இருந்த அவன் கை, லிஃப்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தது. பெருவிரல் நகம் வெளுத்துப் போயிருந்தது.

யோகராணி மணியை அடிக்கவில்லை. அவன் கையின்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினாள்.