சைடு லோயர்

“இருபத்தேழு மணி நேரம் பத்து நிமிஷம். பொட்டுத் தூக்கம் இல்லை” என்றார் வெங்கடநாராயணன், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே.

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

சாதனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பகல் பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. “வாங்கப்பா. வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துதா?”

“இதுல என்ன கஷ்டம். மருந்துக் கடைக்கு அடுத்த பச்சை கேட்.”

வேலைக்காகக் கொல்கத்தா வந்தவள் சாதனா. இங்கேயே சௌமிக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா வரவில்லை. அதன் பிறகு போனையும் எடுக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்று ஏதாவது பேசியிருப்பாள். போன வாரம் திடீரென்று ஒரு செய்தி: ‘வியாழன் காலை பத்து நாற்பதுக்கு ஹௌரா வரும் ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம்.’

சௌமிக் கேட்கவில்லை. சாதனா எழுதிக் காட்டியதைப் பார்த்து அட்டையில் மாமனார் பெயரைத் தமிழில் வரைந்துகொண்டு, ஒன்பது மணிக்கே டாலிகஞ்சிலிருந்து மெட்ரோ ஏறிவிட்டான். பாவம், கூட்டத்தில் தவறவிட்டிருக்கிறான். சொல்லலாம் என்று அவனை அழைத்தாள். படுக்கையறையில் சார்ஜரோடு கிடந்த அவன் போன் அடித்தது.

“பெர்த் சரியில்லையாப்பா?” என்று காபியை நீட்டினாள்.

“சைடு லோயர். ரெண்டு சீட்டைச் சாய்ச்சுச் சேர்த்துட்டா அதுக்குப் பேரு படுக்கை. நடுவுல ஒரு பள்ளம், சரியா இடுப்புக்கு நேரே. அதை வரைஞ்சவன் ஒரு ராத்திரியாவது அதுல படுத்திருப்பான்னு நினைக்கிற?”

“கால் வேற வீங்கியிருக்கே.”

“நீட்ட முடிஞ்சாத்தானே. என் உயரத்துக்கு அந்தப் பெர்த் முழங்காலோட முடிஞ்சு போகுது.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்க்கவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“வாஷ்பேசின் குழாய் இருக்கே, அதை ஒரு கையால அழுத்திக்கிட்டே இருக்கணும். விட்டா தண்ணி நின்னுடும். ரெண்டு கையையும் கழுவணும்னா மூணாவது கை வேணும்.”

“கைல என்னப்பா, சிவப்பு சிவப்பா?”

“கொசு.”

“ஏசி கோச்லயா?”

“அதைத்தானே சொல்றேன். டிக்கெட் ஏசி, கொசு நம்ம ஊர்க் கொசு.” அவர் முழங்கையைச் சொறிந்துகொண்டார். “சத்தம் அதுக்கு மேல. காலையில நாலு மணியானா போதும், கோயில் மணி மாதிரி டாண் டாண்னு. எவனோ போன்ல வச்சிருக்கான். தூக்கிவாரிப் போடும்.”

சாதனா கேட்டுக்கொண்டே இருந்தாள். குழாய், கொசு, மணி எல்லாம் வந்தாயிற்று. ‘மாப்பிள்ளை எங்கே?’ என்ற ஒரு கேள்வி மட்டும் வரவில்லை.

அவர் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். “உன் அத்தை சுட்ட முறுக்கு.”

ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல்லில் ரப்பர் மாதிரி வளைந்தது.

“நமுத்துப் போச்சா? அந்த ஏசி பண்ற வேலை” என்றவர், அடுத்து ஒரு நீல ஃபைலை மேசையில் வைத்தார். “உன் சர்டிபிகேட் எல்லாம் இருக்கு. பத்தாவதுலேர்ந்து எம்.எஸ்சி. வரைக்கும். அங்க எதுக்குக் கிடக்கணும்.”

சாதனா கடித்த முறுக்கை டப்பா மூடியில் வைத்தாள். இதைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டு போகத்தான் வந்தாரா? அதற்குத்தானா யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றார்?

“எப்பப்பா திரும்பறீங்க?”

“டிக்கெட் எடுக்கலை. மறுபடியும் சைடு லோயர்னா யோசிக்கணும்.”

அழைப்பு மணி அடித்தது. அவள் ஓடிப்போய்த் திறந்தாள். சௌமிக் சட்டையெல்லாம் வியர்வையாக, அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

“சாதனா, ட்ரெயின் இன்னும் ஒடிசாவையே தாண்டலையாம். ஏழு மணி நேரம் லேட். சாயங்காலம் மறுபடி போறேன். போனை வேற மறந்துட்டுப் போயிட்டேன்” என்று பெங்காலியில் மூச்சு விடாமல் சொன்னவன், உள்ளே காபி தம்ளரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “நமஸ்காரம், மாமா” என்றான், பழகி வைத்திருந்த தமிழில்.

ட்ரெயின், ஒடிசா, லேட். பெங்காலி தெரியாதவருக்கும் அந்த மூன்றும் புரிந்தன. வீங்கிய கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“அப்பா” என்றாள் சாதனா மெதுவாக. “அப்போ நீங்க எந்த வண்டியில வந்தீங்க?”

அவர் கையை நீட்டி சௌமிக்கிடமிருந்து அட்டையை வாங்கினார். கோணல்மாணலாக, ஒரு கால் நெட்டையும் ஒரு கால் குட்டையுமாக அவருடைய பெயர். எழுத்துக் கூட்டுபவர் போல அதை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஞாயித்துக்கிழமையே வந்துட்டேன், மாப்பிள்ளை” என்றார் சௌமிக்கைப் பார்த்து. “காளிகாட்ல, கோயிலுக்குப் பக்கத்துல லாட்ஜ். தினமும் உங்க மருந்துக் கடை வரைக்கும் வந்து, சாயங்காலம் வரைக்கும் நின்னு பால்கனியைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுவேன்.”