வடிகட்டிக்குள்

நான்கு மாதமாகக் கடகடத்துக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் இன்று அடியிலிருந்து ஒழுகவும் தொடங்கியது. மெக்கானிக் போனில் சொன்னபடி ஜெசிந்தா ஒரு தட்டை வைத்துவிட்டு, கீழ்மூலையில் இருந்த வடிகட்டியின் மூடியைத் திருகினாள்.

கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று வந்து தட்டை நிறைத்துத் தரையில் ஓடியது. சாக்கடையைத் திறந்தது போல நாறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை உள்ளே விட்டாள். சளி போல வழுவழுவென்று ஏதோ சிக்கியது. இழுத்தபோது முடியும் நூலும் சுற்றிய ஓர் உருண்டை வந்தது. அதற்குள் ஐந்து பற்கள் தெரிந்தன.

அலறிக்கொண்டு அதைத் தட்டில் போட்டாள். மாமனாரின் பல்செட்டு. பிள்ளையின் பாவாடை, தலையணை உறை எல்லாம் இத்தனை நாள் இதோடுதான் ஊறியிருக்கின்றன.

"சட்டைப் பையிலதாம்மா வச்சிருந்தேன்" என்று, நான்கு மாதத்துக்கு முன் அது காணாமல் போன அன்றே அவர் சொன்னார். "எங்கயோ தொலைச்சிட்டு என் மேல பழி போடாதீங்க" என்று அவள்தான் கத்தினாள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டே பேசினார்.

சத்தம் கேட்டு வந்த மாமனார் குனிந்து அதை எடுத்தார். முடியை மட்டும் பிய்த்துப் போட்டார்.

"மாமா, வேண்டாம்! கழுவித் தரேன்!"

அவர் கைலியில் ஒரு துடை துடைத்து வாய்க்குள் மாட்டிக்கொண்டார். உதட்டோரம் கறுப்பாக வழிந்தது. நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார்.

"முறுக்கு இருக்காம்மா?"

தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கையைக்கூடக் கழுவாமல், ஜெசிந்தா முறுக்கு டப்பாவைத் திறந்தாள்.